பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு: பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதக் காலையில், அல்சூரில் எங்கள் வீட்டில், அப்பா காபி டம்ளரைக் கீழே போட்டார். அதை எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணிக்கொண்டது, பேச்சு போனது. பதினோரு நாள் கழித்து டிஸ்சார்ஜ் செய்தார்கள். ஒரு ஃபைல், ஒரு பை நிறைய மாத்திரை, அப்புறம் வார்டு வாசலில் நின்றபடியே ஒரு வாக்கியம்: "வீட்ல பிசியோ பண்ணுங்க."

பிசியோ என்றால் என்ன, யார் பண்ணுவது, எத்தனை நாள், நாங்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? ஒன்றும் தெரியாது. தப்புத் தப்பாகச் செய்து, திட்டு வாங்கி, மெதுவாகத்தான் கற்றுக்கொண்டோம். எங்களுக்கு அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. மருந்து, அளவு எல்லாம் உங்கள் நரம்பியல் மருத்துவர் சொல்வதுதான்.

கிளம்பும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் பரபரப்பில் எல்லாம் மறந்துபோகும். அதனால் முந்தின நாளே கேளுங்கள்.

முதல் கேள்வி: அடைப்பா, ரத்தக் கசிவா? பக்கவாதத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு வருவது. மீதி குழாய் வெடித்துக் கசிவது. அடைப்பு என்றால் ரத்தத்தை இளக்கும் மாத்திரை தொடரும். கசிவு என்றால் அதே மாத்திரை ஆபத்தாகலாம். பக்கத்து வீட்டுக்காரர் "எங்க மாமாவுக்கு இதுதான் கொடுத்தாங்க" என்று ஒரு பெயர் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், கொடுக்காதீர்கள்.

இரண்டாவது: எந்தப் பக்க மூளை? இடப்பக்க மூளையில் வந்தால் வலது கை கால் விழும், பெரும்பாலும் பேச்சும் அடிபடும். வலப்பக்க மூளையில் வந்தால் இடது கை கால் விழும். பேச்சு இருக்கும், ஆனால் வேறு சில விநோதங்கள் வரும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது: விழுங்குவதைப் பரிசோதித்தார்களா? இந்தக் கேள்வியை விடவே விடாதீர்கள்.

நான்காவது கேள்வி இல்லை, வேலை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை அங்கே இருக்கும் பிசியோதெரபிஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு அவர் முன்னால் நீங்களே செய்யுங்கள், இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். வீட்டில் யார் செய்யப்போகிறார்களோ அவர்தான் செய்து பார்க்க வேண்டும். நான் பார்த்துக் கற்றேன், ஆனால் வீட்டில் தூக்கியது அம்மா. முதல் வாரமே அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

இன்னொன்று. மருத்துவமனையில் இருக்கும்போதே "ஏன் இன்னும் நடக்க வைக்கவில்லை" என்று நர்ஸை நச்சரிக்காதீர்கள். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி அடிக்கடி நடக்கவைத்தால் என்ன ஆகும் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. அப்படிச் செய்தவர்களின் நிலை வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட மோசமாகவே இருந்தது. சீக்கிரம் தொடங்க வேண்டும்தான், ஆனால் மூளைக்கு ஓரிரு நாள் மூச்சுவிட இடம் வேண்டும்.

வீட்டை ஒழுங்கு செய்வது

பெங்களூரில் நம்மில் பலர் லீசு வீட்டில் இருக்கிறோம். இரண்டாவது மாடி, ஆள் ஒருவர் மட்டும் போகும் படி, லிஃப்ட் கிடையாது. முடிந்தால் சில மாதங்களுக்காவது கீழ்த்தளத்தில் ஓர் அறை பாருங்கள். முடியாவிட்டால் படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி போட வீட்டுக்காரரிடம் கேளுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். இதைச் சுவரிலேயே எழுதி ஒட்டினோம்.

கட்டில், உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிகிற உயரத்தில் இருக்கட்டும். மிதியடி, கார்ப்பெட், வாசல் விரிப்பு எல்லாவற்றையும் தூக்கி லாஃப்டில் போடுங்கள். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, கமோட் நாற்காலி, குளிக்கப் பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டும். தண்ணீர் தேங்கும் பாத்ரூம்தான் வீட்டிலேயே மிக ஆபத்தான இடம். தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றிவிடுங்கள்.

படுத்தே இருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்கூட. ஏர் பெட் வாங்கிவிட்டோமே என்று இதை விட்டுவிட்டால் முதுகின் அடியிலும் குதிகாலிலும் புண் வரும். ஏர் பெட் உதவுமே தவிர, திருப்புகிற வேலையை அது செய்யாது.

தூக்குவது, திருப்புவது, சட்டை போடுவது

நாங்கள் செய்த பெரிய தப்பு இங்கேதான். அப்பாவை எழுப்ப விழுந்த கையைப் பிடித்து இழுத்தோம். அக்குளில் கைவிட்டுத் தூக்கினோம். பக்கவாதத்தில் தோளைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. கையின் எடையே தோள்மூட்டைக் கீழே இறக்கிவிடும். அதைப் போய் நாமும் இழுத்தால் மூட்டு நழுவும். அப்பாவுக்குத் தோள் வலி ஆறு மாதம் இருந்தது. இரவில் அவர் முனகும்போதெல்லாம் அது எங்கள் கைவரிசை என்று எங்களுக்குத் தெரியும்.

சரியான முறை இது. விழுந்த கையைப் பிடிக்காதீர்கள், உங்கள் கழுத்தில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டுங்கள். கிடைக்காத நாட்களில் நாங்கள் பழைய பருத்திப் புடவையை மடித்து இறுக்கிக் கட்டினோம். அவரைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி உட்கார வையுங்கள், பாதங்கள் தரையில் பதிந்து முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால் விரல்களுக்கு நேரே வரும் அளவுக்கு முன்னால் சாயச் சொல்லுங்கள். சாய்ந்தால் இடுப்பு தானாக எழும்பும். நீங்கள் இடுப்புப் பட்டையைப் பிடித்துக் கூட எழுந்தால் போதும், தூக்க வேண்டாம். நாற்காலியை நல்ல பக்கமாகப் போடுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது விழுந்த கை தொங்கக்கூடாது. தலையணை மேலோ மேசை மேலோ கிடக்கட்டும். படுக்கும்போது தோளுக்கும் கைக்கும் அடியில் தலையணை வையுங்கள்.

சட்டை விஷயம் சின்னது, ஆனால் தினமும் இரண்டு முறை வருவது. போடும்போது விழுந்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள். வேட்டிக்குப் பதில் எலாஸ்டிக் பேன்ட் போடுங்கள். கௌரவம் பார்க்கிற அப்பாக்கள் ஒட்டிக்கொள்ளும் வேட்டிக்குச் சம்மதிப்பார்கள்.

இரண்டு பொருட்களை நம் வீடுகளில் ஆசையாக வாங்குவார்கள். ஒன்று, கதவில் மாட்டிக் கயிறு இழுக்கும் கப்பி. நல்ல கையால் இழுத்து விழுந்த கையைத் தலைக்கு மேல் தூக்குவது. அது தளர்ந்த தோளைக் கெடுக்கும் என்பதால் மருத்துவ வழிகாட்டுதல்கள் அதை வேண்டாம் என்கின்றன. இன்னொன்று, பிசையும் ரப்பர் பந்து. விரல்கள் ஏற்கெனவே உள்ளே மடங்கி இறுகுகிறவருக்கு மடக்கும் பயிற்சி இன்னும் எதற்கு? அவருக்கு விரிப்பதுதான் கஷ்டம். உங்கள் தெரபிஸ்ட் சொன்னால் ஒழிய பந்து வேண்டாம்.

சாப்பாடு

தொண்டைத் தசைகளும் அடிபடும். உணவோ தண்ணீரோ மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும், அது உயிருக்கே ஆபத்து. குடித்ததும் இருமல், குரல் ஈரமாகக் கொழகொழவென்று மாறுவது, வாயில் சோறு தங்குவது எல்லாம் அறிகுறிகள். சிலருக்கு இருமலே வராமலும் உள்ளே போகும். அதனால்தான் பரிசோதனையை விடாதீர்கள் என்றேன்.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் கஷ்டமானது என்று கேட்டு ஆச்சரியப்பட்டேன். நீர்மம் நாக்கு சுதாரிப்பதற்குள் ஓடிவிடும். ரசம் சாதமும் அப்படித்தான், ஒரே வாயில் நீரும் பருக்கையும். உடம்பு சரியில்லாதவருக்கு ரசம் சாதம்தானே என்று நாம் முதலில் கொடுப்பது அதைத்தான்! குழைய வடித்து மசித்த தயிர் சாதம், கெட்டியான கேழ்வரகுக் கூழ், மசித்த இட்லி எல்லாம் பாதுகாப்பு. ராகி முத்தே (களி உருண்டை) வேண்டாம். மெல்லாமல் விழுங்கும் பண்டம் அது.

நேராக உட்கார வைத்துக் கொடுங்கள். சாய்ந்து படுத்தபடி ஒரு வாய்கூட வேண்டாம். சின்ன ஸ்பூன், ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்தது. டிவியை அணையுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும், வாயைச் சுத்தம் செய்யுங்கள். மூக்குக் குழாய் போட்டிருந்தால் அதை எப்போது எடுப்பது என்று விழுங்குவதைப் பரிசோதித்தவர் சொல்ல வேண்டும். "பாவம், நாக்குக்கு ருசி தெரியட்டும்" என்று அத்தை வாயில் ஊற்றும் பாயசத்தைத் தடுக்கும் பொறுப்பு உங்களுடையது.

பயிற்சி என்பது என்ன

செத்த மூளைப் பகுதி திரும்பி வராது. அதைச் சுற்றியும் எதிர்ப்பக்கத்திலும் இருக்கும் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. கற்பதற்குத் தேவை, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது. பத்து முறை இல்லை, நூற்றுக்கணக்கில். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதம்வரை நன்றாகவே இருக்கும், பிறகு மெதுவாகும். மெதுவாகும் என்றுதான் சொன்னேன், நிற்காது. அப்பா பொத்தானைத் தானே போட்டது பதினாலாவது மாதம்.

நாங்கள் செய்யாமல் விட்டதைச் சொல்கிறேன். பிசியோ வருவார், நாற்பத்தைந்து நிமிடம் கையை மேலே கீழே ஆட்டிவிட்டுப் போவார். மீதி நேரமெல்லாம் நாங்கள் அப்பாவை ராஜா மாதிரி வைத்திருந்தோம். ஊட்டினோம், முகம் துடைத்தோம், சட்டை போட்டோம், கையை நீட்டுமுன் டம்ளர் கையில் இருக்கும். பிசியோ ஒரு நாள் அம்மாவிடம் கேட்டார்: "நீங்களே எல்லாம் செஞ்சா அவர் மூளை எதைக் கத்துக்கும்மா?" அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. நம் வீடுகளில் அன்பு என்றாலே செய்துகொடுப்பதுதான். இங்கே சும்மா இருந்து காத்திருக்க வேண்டும். டம்ளரை எடுக்க நாலு நிமிடம் ஆகிறதா, ஆகட்டும். வலது கையால் பிடிக்க முடியாவிட்டாலும் தாங்கலுக்காவது அந்தக் கை வரட்டும். பயன்படுத்தாத கையை மூளை மறந்துவிடும். அப்புறம் அசைவு திரும்பினாலும் அந்தக் கையைப் பயன்படுத்தத் தோன்றாது.

வீட்டு வேலையைவிட நல்ல பயிற்சி இல்லை. காசு பொறுக்குவது, துண்டு மடிப்பது, பூ கட்டுவது, தண்ணீரைச் சொம்பிலிருந்து சொம்புக்கு ஊற்றுவது. டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் முழுக்க அவரேக்காய் (மொச்சை) வந்து குவியும். கிலோ கணக்கில் வாங்கி அப்பா முன்னால் போட்டோம். முதலில் தோலை உரித்தார். பிறகு அம்மா ஊறவைத்த கொட்டையைக் கொடுத்தாள், பிதுக்குப் பருப்புக்கு. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிதுக்க வேண்டும், நசுக்கக்கூடாது. எந்தக் கருவியும் சொல்லித்தராத நுட்பம் அது. முதல் நாள் ஒரு மணி நேரத்தில் ஏழு கொட்டை, அதில் நாலு அறைச் சுவரில்.

கை சுத்தமாக அசையாதவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி உண்டு. இரண்டு கைக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, விழுந்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்துக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். விழுந்த கை அசைவதாக மூளைக்குத் தோன்றும். துண்டிக்கப்பட்ட கையில் வலி இருப்பதாக உணர்பவர்களுக்காக 1990களில் இதை உருவாக்கியவர் வி.எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த தமிழர். பக்கவாதத்துக்கு இதை முயன்று பார்த்த முதல் அறிக்கையை 1999இல் வெளியிட்ட குழுவிலும் அவர் இருந்தார். செலவு ஒரு கண்ணாடிதான்.

அப்படியானால் தெரபிஸ்ட் எதற்கு, நாமே செய்துகொள்ளலாமே? இந்தக் கேள்வியை இந்தியாவிலேயே ஆராய்ந்தார்கள். 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். ஒரு பாதிக்கு வீட்டார் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே மறுவாழ்வு, மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. 2017இல் வந்த முடிவு: ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து இரண்டு பக்கத்திலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. எனக்கு இது ஏமாற்றம்தான். நான் புரிந்துகொண்டது, வீட்டாருக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்து விட்டுவிட்டால் போதாது. தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்து, அடுத்த படி என்ன என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் வேலை, அவர் சொன்னதை மீதி நேரத்தில் நடக்கவைப்பது.

ஆள் பிடிக்கும்போது பி.பி.டி. (பிசியோதெரபி பட்டம்) படித்தவரா, பக்கவாத நோயாளிகளைப் பார்த்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். கரண்ட் வைத்துவிட்டு மசாஜ் மட்டும் செய்கிறவரை மாற்றுங்கள். கை வேலை, உடுத்துவது, குளிப்பது போன்றவற்றுக்குத் தொழில்வழி (ஆக்குபேஷனல்) தெரபிஸ்ட் தனி. பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பேச்சுத் தெரபிஸ்ட், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும்.

பேச்சு: தமிழில்தான் வரும்

பெங்களூர்த் தமிழர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. அப்பாவுக்கு முதலில் வந்த பிசியோ கன்னடக்காரர், தங்கமான மனிதர். "காலு எத்தி, காலு எத்தி" என்றார். கன்னடத்தில் எத்து என்றால் தூக்கு. அப்பா நாற்பது வருடம் கன்னடம் பேசியவர், ஆனால் அந்தச் சமயத்தில் அவர் மூளைக்குத் தமிழ் மட்டும்தான் எட்டியது. எத்தினார். பிசியோவின் முழங்காலில்.

பேச்சு போனவருக்கு மொழிகள் ஒரே மாதிரி திரும்புவதில்லை. சிலருக்குத் தாய்மொழி முதலில், சிலருக்குத் தினமும் புழங்கிய மொழி முதலில். எது வருகிறதோ அதில் தொடங்குங்கள். தமிழ் தெரிந்த பேச்சுத் தெரபிஸ்ட் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் வீட்டார் ஒருவர் எப்போதும் கூட உட்கார்ந்து, தெரபிஸ்ட் கொடுக்கும் பயிற்சிக்குத் தமிழ்ச் சொல் எடுத்துக்கொடுக்க வேண்டும். ஆங்கிலப் படப் புத்தகத்தில் ஆப்பிளையும் இக்லூவையும் காட்டுவார்கள். அதற்குப் பதிலாக உங்கள் வீட்டு டம்ளர், செருப்பு, கண்ணாடி, பேரன், முருகன் படம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேச முடியாது என்றால் புத்தி மங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை. சிலருக்குப் புரியும், சொல் மட்டும் வராது. சிலர் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் அதில் பொருள் இருக்காது, நாம் சொல்வதும் அவர்களுக்குப் புரியாது. ஆமாம், இல்லை என்பதுகூட மாறி வரலாம், எனவே அதை நம்பி மருந்து கொடுக்காதீர்கள், காட்டிக் கேளுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு கேள்வி. பிறகு வாயை மூடிக்கொண்டு பத்து எண்ணுங்கள். அவர் தேடும் சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடக்கூடாது. டம்ளருக்குச் சொன்ன அதே பாடம்தான்.

பேச்சே இல்லாதவர்கள் பாடுவதுண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது, கிழமை சொல்வது, பிரார்த்தனை, ஏன், கெட்ட வார்த்தை, இவை மூளையில் வேறு வழியாகவும் வரும். இராகமாகச் சொல்லவைத்துப் பேச்சை மீட்கும் சிகிச்சை முறையே 1973இல் அமெரிக்காவில் உருவானது. அப்பா முதலில் முழுசாகச் சொன்னது ஒரு வசவு. எதிர்வீட்டு நாயைப் பார்த்து. அம்மா சர்க்கரை வாங்கிவரச் சொன்னாள்.

மனசு, விருந்தாளிகள், அப்புறம் பாதித் தட்டு

பிசியோ அறையில் பழக்கமான ஓர் அம்மாவுக்கு இடப்பக்கம் விழுந்திருந்தது. தோசையில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு "அவ்வளவுதானா" என்பார். கண் நன்றாகத்தான் இருந்தது. இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மூளை மறந்துவிட்டது. மருமகள், "வேணும்னே பண்றாங்க" என்று நினைத்திருந்தார். தட்டைத் திருப்பி வையுங்கள், இடப்பக்கமாக நின்று பேசுங்கள், இடது ஓரத்தில் ஒரு சிவப்புத் துணி வைத்து அதைத் தேடச் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர் தனியாகச் சாலையைக் கடக்கவே கூடாது.

காரணம் இல்லாமல் அழுகையோ சிரிப்போ பொங்கிவருவதும் மூளை செய்யும் வேலைதான். சாவு வீட்டில் சிரித்தால் பதறாதீர்கள், பேச்சை மாற்றுங்கள். ஆனால் சாப்பிடாமல், தூங்காமல், பயிற்சிக்கு வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் அது மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருவது. மருந்து உண்டு, கேளுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் "நான் யாருன்னு தெரியுதா, சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பார்கள். தலைமாட்டிலேயே நின்று "எப்படி இருந்த மனுஷன்" என்று உச்சுக்கொட்டுவார்கள். வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

விபத்தில் தலையில் அடிபட்டவர்களுக்கு

நம் பையன்கள் பலர் அவுட்டர் ரிங் ரோட்டில் பைக்கில் விழுந்து வருகிறார்கள். கை கால் நன்றாக இருக்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் மறதி, சட்டென்று கோபம், காசைக் கணக்கில்லாமல் செலவழிப்பது, கூச்சமில்லாத பேச்சு, எந்த வேலையும் தொடங்காமல் உட்கார்ந்திருப்பது எல்லாம் வரும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி அடிபட்டதன் விளைவு இது, திமிர் இல்லை. தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே காரியம், சுவரில் பெரிய காலண்டர், போனில் அலாரம், சத்தமில்லாத அறை, நடுநடுவே தூக்கம். கம்பெனிக்குத் திரும்பும்போது முதல் நாளே எட்டு மணி நேரம் வேண்டாம். அரை நாளில் தொடங்கட்டும். வலிப்பு வந்திருந்தால் மருத்துவர் சம்மதிக்கும்வரை வண்டி கிடையாது. குடியும் கிடையாது.

எங்கே போவது, எந்த அட்டை வாங்குவது

ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையில் நரம்பியல் மறுவாழ்வுக்குத் தனித் துறை, பேச்சு மற்றும் கேட்பியல் துறை எல்லாம் உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மக்களும் அங்கே வருவதால் வரிசையில் தமிழ் கேட்கும். காலையில் சீக்கிரம் போங்கள், பழைய ஸ்கேன் எல்லாம் எடுத்துப் போங்கள். கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையிலும் உடல் மருத்துவ மறுவாழ்வுத் துறை உண்டு. லிங்கராஜபுரத்தில் 1959 முதல் இயங்கும் ஏ.பி.டி. என்ற மாற்றுத்திறனாளிகள் அமைப்பை வீல்சேர் போன்ற துணைக் கருவிகள் பற்றி விசாரிக்கலாம். பேச்சுக்கு மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்புக் கழகம் இருக்கிறது. தமிழில்தான் வேண்டும், தங்கிச் செய்யலாம் என்றால் வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம். விபத்தில் தானே வீல்சேருக்கு வந்த மருத்துவர் மேரி வர்கீஸ் முன்னின்று 1966இல் உருவாக்கியது. காட்பாடிக்கு இங்கிருந்து ரயில் நிறைய.

பணம். கர்நாடக பி.பி.எல். ரேஷன் கார்டு இருந்தால் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா என்ற அரசுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம்வரை சிகிச்சைச் செலவு உண்டு. பெரும்பாலும் அரசு மருத்துவமனை வழியாகப் பரிந்துரை வேண்டும். கார்டு இன்னும் ஊரில் இருந்தால் தமிழ்நாட்டுத் திட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். இதனால்தான் எந்த மாநிலத்தில் பெயர் இருக்கிறது என்பதை இப்போதே சரி செய்யுங்கள். கர்நாடகப் பெண்களுக்கான சக்தி திட்ட இலவச பஸ்ஸும் அப்படியே. அம்மாவின் ஆதாரில் திருப்பத்தூர் முகவரி இருந்தவரை டிக்கெட் எடுத்தாள்.

குறை நிலைத்துவிட்டது என்று மருத்துவர்கள் கருதிய பிறகு யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். 2016ஆம் வருடச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறை இருந்தால் சலுகைகள் பலவும் கிடைக்கும். பழைய வரி முறையில் இருக்கும் மகனோ மகளோ, தன்னைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்காக 75,000 ரூபாயும், குறை 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

மறுபடி வராமல் இருக்க

ஊரிலிருந்து ஒருவர் வந்து, புறா ரத்தம் தடவினால் கை எழும்பும் என்பார். இன்னொருவர் எண்ணெய்க்கும் பத்தியத்துக்கும் கூப்பிடுவார். தடவுகிற எண்ணெயால் பெரிய கெடுதல் இல்லை. "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்று சொன்னால் அந்த ஆளைத் திரும்பிப் பார்க்காதீர்கள். ரத்தம் இளக்கும் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் பாதியில் நிறுத்தியதும் இரண்டாவது ஸ்ட்ரோக் வந்தவர்களை நானே வார்டில் பார்த்தேன்.

பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வைத்து நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 130/80க்குக் கீழே என்பார்கள், உங்களவருக்கு எவ்வளவு என்று கேட்டு அந்த எண்ணை முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையட்டும். பீடி, சிகரெட் போகட்டும்.

மறுபடி வாய் கோணினால், கை தூக்கமுடியாவிட்டால், பேச்சு குழறினால், தண்ணீர் தெளித்துப் பார்க்காதீர்கள், வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், "படுத்து எழுந்தா சரியாயிடும்" என்று காத்திருக்காதீர்கள். 108க்கு போன் செய்யுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, அதற்கு முன் சிடி ஸ்கேன் வேறு எடுக்க வேண்டும். சில்க் போர்டு நெரிசலையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலரை மணி நேரம் என்பது நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து இல்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: இரவு பகல் சிடி ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை எது, அப்பா சாப்பிடும் ரத்தம் இளக்கும் மாத்திரையின் பெயர், கடைசி டோஸ் எப்போது. மூன்றாவது வரியை அம்மா தினமும் ராத்திரி பென்சிலால் அழித்து எழுதுகிறாள்.